பத்து நாள் தொடாத படம்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு இரும்புக்கடையின் மாடியில் இருந்த பிரௌசிங் சென்டரில் இரண்டரை வருடம் வேலை பார்த்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். கீழே கடை, மேலே நான்கு கம்ப்யூட்டர். இரண்டுக்கும் ஒரே முதலாளி, ஊரில் எல்லோரும் பாய் என்று கூப்பிடும் ஐம்பது வயதுக்காரர்.

என்னோடு கம்ப்யூட்டர் படித்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டிருந்தார்கள். நான் காலையில் வந்ததும் என் மெயிலைத் திறந்து எந்தக் கம்பெனியாவது கூப்பிட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்காது. ஜன்னலைத் திறந்து பஸ் வருவதையும் போவதையும் பார்ப்பேன். திரும்பி வந்து மறுபடி மெயிலைத் திறப்பேன். ஒரு இடத்தில் கால் மணி நேரம் உட்கார முடியாது. அந்த அலைச்சலில்தான் யாரும் கேட்காத வேலைகளையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன்.

நான்கு கம்ப்யூட்டரிலும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் ஏற்றியது அப்படித்தான். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி அது. வைரஸ் வராது என்று சொன்னதும் பாய் சம்மதித்துவிட்டார். "போடும்மா. மாசத்துக்கு ரெண்டு தபா மெக்கானிக் வந்து பேஜார் பண்ணிக்கினு கீறான்" என்றார்.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஒருநாள் காலை யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் திரை ஒருமுறை கறுத்து, பழைய இடத்துக்கே வந்து நின்றது. வாசலில் பரீட்சை முடிவு பார்க்க வந்த கூட்டம். கடைசியில் பார்த்தால் கம்ப்யூட்டரில் கோப்புகள் வைக்கும் இடம் நிரம்பிப் போயிருந்தது.

லினக்ஸில் டெம்ப் என்று ஒரு பொது இடம் உண்டு. தற்காலிகக் கோப்புகளுக்கானது. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். மெயிலில் வந்த படத்தைத் திறந்தால் பிரௌசர் அதன் பிரதியை அங்கேதான் போட்டுக் காட்டும். ஸ்கேன் செய்ததையும் எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நான் அங்கேயே ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தேன். எல்லோரும் போட்டார்களே தவிர ஒருவரும் எடுக்கவில்லை.

அன்று கையால் அழித்துக் கூட்டத்தைச் சமாளித்தேன். மறுநாள் உட்கார்ந்து தானாகவே சுத்தம் செய்யும் ஏற்பாட்டை எழுதினேன். தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு புரோகிராம் ஓடும். பத்து நாளாக யாரும் திறந்து பார்க்காத கோப்பு எதுவோ அதை அழித்துவிடும். கோப்பு எப்போது வந்தது என்பது கணக்கில்லை. கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்பதுதான் கணக்கு.

அதில் ஒரு சிக்கல் வந்தது. ஃபோல்டர் காலியானால் அந்த ஃபோல்டரையும் சேர்த்து அழித்தது. படம் போட இடமில்லாமல் ஸ்கேனர் தகராறு செய்தது. கம்ப்யூட்டர் எழும்போதே அந்த ஃபோல்டர் இல்லையென்றால் புதிதாக உண்டாக்கி, எல்லோரும் எழுத அனுமதி கொடுக்கும்படி இரண்டு வரி சேர்த்தேன். தானாக உண்டாகும், தானாக அழியும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாயிடம் சொன்னேன். "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு ஆணி எடை போடப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு அக்கா வருவார். சாலவாக்கம் பக்கம், சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய ஒரே மகள் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு புனேவுக்குப் போய்விட்டாள். அவள் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். மகள் தோழி ஒருத்தி மூலம் அம்மாவுக்கு ஒரு மெயில் முகவரியைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பியிருந்தாள். அந்தச் சீட்டை ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்துத்தான் அக்கா முதல்முதலாக அந்தப் படியேறினார்.

அக்காவுக்காக ஒரு மெயில் கணக்கு திறந்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். பதில் வந்தால் படித்துக் காட்டுவேன். விதை வாங்க, பல் வலி, ரேஷன் கார்டு என்று ஒவ்வொரு வாரமும் வீட்டில் ஒரு சாக்கு சொல்லிவிட்டு வருவார்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று படங்கள் வந்தன. ஒன்றில் குழந்தை துண்டில் சுற்றிக் கிடந்தது. இன்னொன்றில் மகள் பச்சைப் புடவையில் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். மூன்றாவதில் குழந்தை வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது. அக்கா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். "மூக்கு அந்தாளு மூக்கு" என்றார். கணவரைத்தான் சொன்னார்.

"பிரிண்ட் போட்டுத் தரவா அக்கா?"

"வேணாம்மா. வூட்ல எங்க வச்சாலும் அந்தாளு கண்ணுல பட்டுடும். இங்கயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கிறேன்."

அந்தக் கால மெயில் பெட்டி மிகச் சிறியது. மூன்று படத்திலேயே நிரம்பி, அடுத்த கடிதம் வர இடமில்லை என்றது. படங்களை ஸ்கேனுக்கான அந்தப் பொது ஃபோல்டரில் போட்டுவிட்டு மெயிலை அழித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அக்கா வந்து மூன்றையும் பார்த்துவிட்டுப் போனார். ஏழு நாளுக்கு ஒருமுறை அவர் பார்த்ததால்தான் அவை பத்து நாள் கணக்கில் சிக்காமல் இருந்தன. அது எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

நடவு வந்தது. அக்கா ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வெள்ளி வந்தார். முழங்கைவரை சேறு காய்ந்த தடம்.

"சீக்கிரம் காட்டும்மா. ஆளுங்க வயல்ல நிக்கிறாங்கோ."

ஃபோல்டரைத் திறந்தேன். ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அன்று காலைதான் புதிதாக உண்டாகியிருந்தது, எல்லா அனுமதியோடும். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"இன்னாம்மா?"

"மிஷின் ரிப்பேர்க்கா. அடுத்த வாரம் பாக்கலாம்."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அக்கா சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை. "செரி" என்று இறங்கிப் போனார். நான் உடனே அக்காவின் கணக்கிலிருந்து மகளுக்கு எழுதினேன்: படங்கள் தவறிப்போய்விட்டன, தயவுசெய்து மறுபடி அனுப்புங்கள். அன்று மாலைவரை இருபது தடவையாவது மெயிலைத் திறந்து பார்த்திருப்பேன். மறுநாளும். அதற்கடுத்த நாளும். என் வேலைக்கான பதிலைத் தேடுவதை விட்டுவிட்டேன். அழிந்த கோப்பை மீட்கும் வழி பற்றி இன்டர்நெட்டில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்த இடத்தில் அதற்குள் வேறு எத்தனையோ எழுதப்பட்டிருக்கும் என்று தெரிந்தும், சொன்னபடியெல்லாம் செய்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போவேன்.

"இன்னாம்மா ஆச்சு உனுக்கு? நாஷ்டா துண்ணியா இல்லியா?" என்று பாய் படியில் நின்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்த வெள்ளியும் பதில் வரவில்லை. அக்கா வந்தார். "லைன் கட் ஆயிடுச்சுக்கா" என்றேன். அடுத்த கம்ப்யூட்டரில் ஒருவர் பாட்டுக்கு ஏதோ இணையதளம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படியிறங்கிப் போனார்.

மூன்றாவது வெள்ளி அவர் உட்காரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

"புனேல கொயந்தைக்கு எதுனா ஆயிடுச்சா? நீ தெரிஞ்சிக்கினு மறைக்கிறியா?"

நான் அதிர்ந்து போனேன். அவர் இத்தனை நாளும் அப்படியா நினைத்துக்கொண்டிருந்தார்!

"ஐயோ, இல்லக்கா. கொழந்தைக்கு ஒண்ணும் இல்ல. படம் அழிஞ்சிபோச்சு. நான் எழுதின புரோகிராம்தான் அழிச்சது. பத்து நாள் யாரும் பாக்கலன்னா அழிக்கச் சொல்லி எழுதியிருந்தேன். நடவுக்கு நீங்க வரல. நானாவது திறந்து பாத்திருக்கணும்."

அக்கா அப்புறம்தான் உட்கார்ந்தார்.

"படம் போனா போவுது. அவ மறுபடி அனுப்புவா. ரெண்டு வாரமா எனுக்குத் தூக்கம் இல்ல, தெரியுமா உனுக்கு? யாராண்ட சொல்றது? அந்தாளாண்ட சொல்ல முடியுமா? மொத நாளே சொல்லியிருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. எழுந்து போய்விட்டார். அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

அக்கா எழுந்து போன அன்றே அந்தப் படங்கள் இருந்த ஃபோல்டரை டெம்ப்பிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்தேன். சுத்தம் செய்யும் புரோகிராம் அந்தப் பக்கமே போகாதபடி மாற்றினேன். செய்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஐந்து நிமிடம்.

ஒரு சனிக்கிழமை பதில் வந்தது. வீடு மாறினார்களாம், புது வீட்டுப் பக்கத்தில் பிரௌசிங் சென்டர் இல்லையாம். பழைய மூன்று படங்களோடு புதிதாக ஒன்றும் அனுப்பியிருந்தாள். குழந்தை குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. நான்கையும் நல்ல தாளில் பிரிண்ட் எடுத்தேன். அடுத்த வெள்ளிவரை காத்திருக்க முடியவில்லை. அக்கா வருவாரா என்பதும் தெரியவில்லை. மறுநாள் ஞாயிறு, டவுன் பஸ் ஏறிச் சாலவாக்கம் போனேன்.

பஸ்ஸில் போகும்போதுதான் யோசித்தேன். வீட்டில் அக்காவின் கணவர் இருந்தால் என்ன சொல்வது? ரேஷன் கார்டு விஷயம் என்று சொல்லலாமா? மறுபடி ஒரு பொய்யா? பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. ஊரில் விசாரித்தேன். ஏரிக்குக் கீழே வயலில் இருப்பதாகச் சொன்னார்கள். வரப்பில் போனேன். அக்கா களை எடுத்துக்கொண்டிருந்தார். பம்புசெட் தொட்டியடியில் அவர் கணவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். அந்த மூக்கை நான் உடனே கண்டுகொண்டேன்.

"யாரும்மா நீ? யாரு வோணும்?" என்றார்.

நான் கையில் இருந்த கவரைப் பின்னால் மறைத்தேன். அதற்குள் அக்கா வயலிலிருந்து ஏறி வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார், கவரைப் பார்த்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"கம்ப்யூட்டர் கடைப் பொண்ணு. நம்ப பொண்ணு போட்டோ அனுப்பிக்கீது. கொயந்தை போட்டோ. நான் மூணு மாசமா போய்ப் பாத்துக்கினுதான் கீறேன்."

சத்தமாகவே சொன்னார். கணவர் நிமிரவில்லை. கழுவி முடித்த காலை மறுபடி கழுவினார். அக்கா தொட்டிச் சுவரில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்தார். புதுப் படத்தை நெடுநேரம் கீழே வைக்கவில்லை. நான் நடுவில் நின்றேன், ஓடவும் முடியாமல் இருக்கவும் முடியாமல். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

கணவர் போய் மோட்டாரை நிறுத்தினார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பஸ்ஸு நாலு மணிக்குத்தான். வூட்டுக்கு இட்டுக்கினு போய் சோறு போடு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, படங்களின் பக்கம் திரும்பாமல் ஏரிக்கரை ஏறிப் போய்விட்டார்.

சாப்பிடும்போது அக்காவிடம், "என் மேல கோவமாக்கா?" என்று கேட்டேன். "அது போச்சு வுடு" என்றார். "இப்ப இவுரு இன்னா பண்ணுவாரோன்னு கீது." எனக்கும் அதே பயம்தான். பஸ் வரும்வரை இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அவர் ஒன்றும் பண்ணவில்லை. அடுத்த வெள்ளி அக்கா வந்து சொன்னார்: "ஒரு வார்த்த கேக்கல. ஆனா கவரு நான் வச்ச எடத்துல இல்ல. தேடிக்கினே இருந்தேன். ரெண்டு நாள் கயிச்சி அதே எடத்துல கீது." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த மாடியில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மகள் வந்தது அதற்கு எட்டு மாதம் கழித்து. குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தது. அக்கா அவர்கள் இருவரையும் எனக்குக் காட்ட மாடிக்கு அழைத்து வந்தார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். குழந்தை அதற்குள் கீபோர்டில் இரண்டு கையாலும் அடித்து, யாரோ பாதி எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தை நாசம் செய்துவிட்டது. எழுதிக்கொண்டிருந்தவர் கத்தினார். நான் அதைச் சரிசெய்ய ஓடினேன்.

"உங்க வீட்டுக்காரரு வரலியாக்கா?" என்று திரும்பிக் கேட்டேன்.

"கீய கடையில பாயாண்ட பேசிக்கினு நிக்கிறாரு. மேல வரமாட்டேன்னுட்டாரு" என்றார் அக்கா. "கூச்சப்படுறாரு."