பத்தாவது தொடர்பு

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, தேவனாம்பட்டினம் கடற்கரைப் பூங்காவில் உட்கார்ந்து, என் மனைவியின் தம்பியோடு பேசாமலே பேசியதாக எழுதினேன். எழுதியது ஒரே ஒரு வரி. அதனால் ஒரு நல்ல மனிதர் மூன்று ஆண்டுகள் வல்லாரைக் கீரை தின்றார்.

நானும் மைத்துனரும் அமெச்சூர் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வானொலி அலையில் பேசிக்கொள்வதற்கான உரிமம் வைத்திருப்பவர்கள். நான் கடலூர், அவர் சிதம்பரம். செல்பேசி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. செல்பேசியில் யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியும். இதில் யார் பதில் சொல்வார் என்று தெரியாது, அந்த ஆசைதான். ஓய்வு பெற்ற பிறகு ரேடியோவைப் பையில் போட்டுக்கொண்டு பூங்காக்களுக்குப் போகும் பழக்கம் எனக்குத் தொற்றியது. ஒரு பேட்டரி, நீளமான ஆன்டெனாக் கம்பி, அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு தூண்டில் கழி. ஒரே நாளில் பத்துப் பேரோடு பேசினால்தான் அந்தப் பூங்காவில் ரேடியோ இயக்கியதாக இதற்கென்று உள்ள சங்கத்தார் ஒப்புக்கொள்வார்கள். யாரும் பக்கத்தில் நின்று எண்ணுவதில்லை. நாம் எழுதுவதை நம்புவார்கள்.

அன்று ஒன்பது பேர் கிடைத்தார்கள். பத்தாவதாக மைத்துனர் வருவதாகச் சொல்லியிருந்தார். பதினொரு மணி வரை கூப்பிட்டேன், வரவில்லை. வெயில் முதுகில் ஏறியது. நோட்டில் அவருடைய அழைப்புக்குறியை, உரிமத்தோடு தரும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளத்தை, எழுதி, அவர் குரல் கேட்ட தரம் ‘ஐந்து ஒன்பது’ என்றும் போட்டேன். அதற்கு மேல் தரம் கிடையாது. வீட்டுக்கு வந்து இணையத்திலும் ஏற்றிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவர் போன் செய்தார்.

“மாமா, அன்னிக்கு எங்க தெருவுல கரண்டே இல்ல. நான் ரேடியோவையே போடல. என்கூட பேசினதா வந்திருக்கே?”

தப்பு என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சிரித்தேன். “பேசினியே மச்சான்! சூப்பரா கேட்டுச்சே. மறந்துட்டியா? வயசாவுதில்ல!”

அவர் தேதியை மறுபடி ஒரு முறை கேட்டுக்கொண்டார். பிறகு, “அப்படியா மாமா” என்றார்.

அவர் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர். எதையும் ஒரு முறைக்கு இரு முறை சரிபார்ப்பவர். ஆனால் அவருடைய அப்பா, அதாவது என் மாமனார், கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளின் பெயர்களையே மறந்து போனவர். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அதன் பிறகு மனைவி வழியாகச் செய்திகள் வந்தன. தம்பி தினமும் வல்லாரைத் துவையல் சாப்பிடுகிறானாம். டாக்டர் ஒன்றுமில்லை என்றாராம், இவன் நம்பவில்லையாம். ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்திவிட்டானாம். ஒவ்வொரு முறையும் நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். நேரில் பார்க்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு கல்யாணங்களில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டோம், சொல்லவில்லை. ரேடியோவை மட்டும் என்னால் தொட முடியவில்லை. மூட்டுவலி என்று சொல்லிப் பரணில் ஏற்றினேன்.

இந்த ஆண்டு போகிக்கு முன்பு மனைவி பரணைக் காலி செய்தாள்.

“ஏங்க, இந்த ரேடியோப் பைய பழைய சாமான்ல போட்டுடவா? தம்பியும் அவனுத குடுக்கப் போறானாம். மறதிக்காரனுக்கு இது எதுக்கு அக்கான்னு கேக்குறான்.”

அப்போதுதான் சொன்னேன். அவள் கையில் துடைப்பத்தோடு ஏணிப்படியில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள்.

“எங்கப்பா எப்படிப் போனாருன்னு தெரிஞ்சுமா?”

தலையாட்டினேன்.

“சட்டைய மாத்துங்க. அடுத்த பஸ்ஸ புடிங்க.”

சிதம்பரம் வீட்டில் எங்கு பார்த்தாலும் காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன. ‘கேஸ் மூடியாச்சா?’ ‘சாவி ஆணியில்.’ எல்லாம் அவருடைய அழகான கையெழுத்து. அவற்றைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

“கரண்ட் இல்லாதது நெசம்தானே?” என்றார்.

“நெசம்.”

“நான் ரேடியோ போடாததும்?”

“நெசம் மச்சான். நான்தான் பொய் சொன்னேன்.”

அவர் உள்பக்கம் திரும்பித் தன் மனைவியிடம் கத்தினார். “இனிமே இந்த வூட்ல வல்லாரை வந்துச்சு, நான் வெளிய போயிடுவேன்!” பிறகு என்னிடம், “மூணு வருஷம் மாமா. ஆடு கூட அவ்ளோ தழை தின்னிருக்காது.” சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். குரல் உடைந்தது. “எங்கப்பா மாதிரி ஆயிட்டேன்னு நெனச்சேன்.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து, சுவரில் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகக் கிழித்தார். நான் கிளம்பும்போது வாசலில் சொன்னார்:

“அந்த வரிய அழிச்சிட்டு, அதே பூங்காவுல மறுபடி ஒக்காருங்க. பத்துப் பேர புடிங்க. நான் வருவேன்னு சொல்ல மாட்டேன்.”

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். இணையத்திலிருந்து பழைய வரியை நீக்கச் சொல்லி முந்தின நாளே எழுதிவிட்டேன். மனைவியும் கூட வந்தாள். “பேனா என்கிட்ட இருக்கட்டும்” என்று முதலிலேயே வாங்கிக்கொண்டாள். சுண்டல் விற்கும் அம்மா தூண்டில் கழியை அண்ணாந்து பார்த்து, “கடலு அந்தாண்ட இருக்கு பெரியவரே” என்றாள்.

விரல்களுக்கு வேலை மறந்திருந்தது. கம்பியை இரண்டு முறை தலைகீழாக மாட்டினேன். ஆனால் முதல் அழைப்புக்கே, இரைச்சலுக்கு நடுவிலிருந்து கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பதில் சொன்னபோது, நான் சத்தமாகச் சிரித்தேன். மணலில் விளையாடிய குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்தது. அடுத்து மதுரை, பெங்களூரு, இலங்கையிலிருந்து ஒருவர். ஒவ்வொரு அழைப்புக்குறியையும் நான் திருப்பிச் சொல்ல, மனைவி எழுதினாள். பத்தரைக்குள் ஒன்பது.

பிறகு யாருமில்லை. கூப்பிட்டேன், கூப்பிட்டேன். கடல் அலைச் சத்தம்தான். பதினொன்று ஆனது. அதே பெஞ்சு, அதே வெயில். மனைவி பேனாவைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“வரலன்னா ஒன்பதோட வூட்டுக்குப் போவோம்” என்றேன்.

“போலாம்” என்றாள்.

கடைசியாக ஒரு முறை கூப்பிட்டேன். மெல்லிய குரலில் சிதம்பரத்து அழைப்புக்குறி வந்தது.

“ஐந்து மூன்று மாமா. அதுக்கு மேல குடுக்க மாட்டேன், நெசமா அவ்ளோதான் கேக்குது.”

“வந்துட்டியா மச்சான்!”

“காலைலேருந்து கேட்டுட்டுதான் இருக்கேன். ஒன்பது பேரையும் வரிசையா சொல்றேன், சரியான்னு பாருங்க.”

சொன்னார். எழுத்து எழுத்தாக, எண் எண்ணாக. நோட்டில் என் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஒன்பதும் சரி. மனைவி தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை என்னிடம் நீட்டினாள்.

‘ஐந்து மூன்று’ என்று எழுதினேன்.