பாதிப் படத்தில் சூடாகும் பெட்டி

அந்த அடுக்குமாடியில் அவளைத் தையல்காரம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கால்சட்டை நீளம் குறைப்பது, திரைச்சீலைக்கு விளிம்பு அடிப்பது, கிழிந்த பைக்கு ஜிப் வைப்பது என்று கூடத்தின் மூலையில் அவளுடைய மிஷின் ஓயாமல் ஓடும். எதிர்ச்சுவரை ஒட்டிய சோபாவில் அவள் கணவர் உட்கார்ந்திருப்பார். பேருந்து ஓட்டுநராக இருந்தவர். கண்ணில் அழுத்தம் கூடிக்கொண்டே போய், ஆறேழு வருடங்களுக்கு முன் பார்வை முழுதாகவே போய்விட்டது.

அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்த உலகம் ஹோம் தியேட்டர். ஐந்து ஸ்பீக்கர்கள், அவற்றுக்கெல்லாம் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு கனமான ரிசீவர். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் படம் போட்டுவிடுவார்.

"மழை நமக்குப் பின்னாடி பெய்யுது, கேட்டியா? ஆளு இப்போ இடது பக்கம் போறான். செருப்பு ஈரமா இருக்கு."

அவளும் துணியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். ஆக, இருவரும் காதால்தான் படம் பார்த்தார்கள்.

ஒரு நாள் துரத்தல் காட்சியின் நடுவே வீடே சட்டென்று ஊமையானது.

"கரண்ட் போயிடுச்சா?"

"இல்லீங்க, ஃபேன் சுத்துதே."

எழுந்துபோய் ரிசீவரின் மேல் கையை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. அதன்மேல் அழகுக்காக அவளே தைத்துப் போட்ட பூவேலைத் துணியை உருவி எறிந்தாள், அலமாரியின் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்தாள். ஆறியதும் பெட்டி பாடியது. அரைமணி நேரத்தில் மறுபடியும் அணைந்தது.

மறுநாள் மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினாள். படத்தில் அப்போது ஜெயில் காட்சி; விசிறியின் இரைச்சலில் கணவர் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, ஜெயிலுக்குள்ளகூட புயல் அடிக்குது?"

புயலோடு கொஞ்சம் கூடுதலாக ஓடியதே தவிர, அணைவது நிற்கவில்லை. வார இறுதியில் வந்த கொழுந்தனார் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார். "அண்ணி, இதுக்கு வயசாயிடுச்சு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க."

"புதுசுல எல்லாம் முகம் வழவழன்னு இருக்குடா," என்றார் கணவர். "இதுல எந்தக் குமிழ் எங்க இருக்குன்னு என் விரலுக்குத் தெரியும்."

துணி கொடுக்கப் போகிற வழியில் அவள் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் ஏறி விஷயத்தைச் சொன்னாள். கடைக்காரர் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "காத்துப் போக இடம் விட்டுட்டீங்க, நல்லது. பின்னாடி ஸ்பீக்கர் ஒயரைப் பாத்தீங்களா? ஒரு கம்பி விலகி பக்கத்துல இருக்கறதைத் தொட்டாலும் இப்படித்தான் கொதிக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டுப் பாருங்க."

கணவர் குளிக்கப் போன நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி, மூக்குக்கண்ணாடியும் டார்ச்சுமாக அலமாரிக்குப் பின்னால் நுழைந்தாள். சிவப்புத் துளையிலிருந்து மயிரிழை போல இரண்டு செம்புக் கம்பிகள் பிரிந்து பக்கத்துக் கறுப்புத் துளையின் கம்பிமேல் படுத்திருந்தன.

போன மாதம் சுவருக்கு வண்ணம் அடித்தபோது எல்லாவற்றையும் கழற்றி, யார் கையும் படாமல் தடவித் தடவியே திரும்ப மாட்டியவர் அவர்தான். வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். கண் போன பிறகு அவர் தனியாகச் செய்து முடித்த பெரிய வேலை அது.

விரலால் கம்பியை ஒதுக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். அவள் கை அதுவரை போனது. ஆனால், பார்வை தங்காது என்று டாக்டர் சொன்னதை வீட்டில் எல்லோரும் சேர்ந்து தன்னிடம் மறைத்ததற்காக ஒரு காலத்தில் அவர் எப்படி நொந்துபோனார் என்பது அவளுக்கு மறக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டாள்.

அவர் தலை துவட்டியபடி வந்ததும், "இப்படி வாங்க, விரலைக் கொடுங்க," என்று கூட்டிப்போய்ப் பின்பக்கம் தொடவைத்தாள்.

அவர் விரல் அந்த இழைகளில் நின்றது.

"நான் மாட்டினதா?"

"ஆமாங்க."

"இத்தனை நாளா இந்தப் பாவப்பட்ட பெட்டியை வயசாயிடுச்சுன்னு திட்டிக்கிட்டு இருந்தோமே!" என்று சொல்லி, முதலில் மெதுவாகவும் பிறகு தோள் குலுங்கவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் குரல் தழைந்தது. "நீயே சரி பண்ணிடு."

"நான் பண்ண மாட்டேன். நீங்களே பண்ணுங்க. ஊசியில கோக்குறதுக்கு முன்னாடி நூல் முனையை முறுக்குவேன்ல, அது மாதிரி முறுக்கிட்டு உள்ள விடுங்க."

தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு முனையாக முறுக்கினார். ஒன்று வளைந்து வெளியே வந்தது, திரும்ப இழுத்து முறுக்கினார். பிடுங்கிச் செய்துவிடத் துடித்த கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு அவள் டார்ச்சை மட்டும் பிடித்தாள். வெளிச்சம் அவளுக்குத்தான் தேவைப்பட்டது.

அன்று படம் முழுதாக ஓடியது. நடுவில் எழுந்து வந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சூடு இருக்கு. ஆனா நியாயமான சூடு."

"அப்போ அந்த விசிறியை இப்படித் திருப்புங்க," என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க எனக்கு வேர்க்குது."