மேனேஜர் ஷூவும் அஞ்சலை அக்கா நாற்றங்காலும்

களைக்கொல்லி கம்பெனியில் ஃபீல்டு ஆபீசராக நான் குப்பை கொட்டிய காலம். ஓர் ஐப்பசியில் குமராட்சிப் பக்கம் டெமோ வைத்தோம். நடவு முடிந்த வயலில் மருந்தை மணலில் கலந்து வீச வேண்டும். வரப்பில் தண்ணீர் வெளியேறும் வாமடையை ரெண்டு மூணு நாள் அடைத்தே வைக்க வேண்டும். அதற்குள் பெருமழை அடித்தால் மருந்து மண்ணைப் பிடிக்காமல் தண்ணீரோடு ஓடிவிடும். மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

கடலூரிலிருந்து மேனேஜர் புது ஷூவில் வந்து இறங்கினார். கிழக்கே வானம் மையாகக் கறுத்திருந்தது.

"சார், மழை வர்றாப்ல இருக்கு. நாலு நாள் தள்ளி வெச்சிக்கலாம்."

"பிரியாணி சொல்லியாச்சுய்யா. அது நாலு நாள் நிக்குமா?"

வரப்போரம் தண்ணீர் தளும்பியது. போட்டோவுக்கு நிற்கும்போது ஷூ நனையுமாம்; வாமடையை வெட்டி வடிக்கச் சொன்னார். வடித்தோம், வீசினோம், போட்டோவுக்குப் பல்லைக் காட்டினோம். தூறல் விழுந்தது. வாமடையை அடைக்க நான் மண்வெட்டியைத் தூக்கினேன்.

"அத அப்பறம் பாரு. மொதல்ல பேனரை அவுரு, நனைஞ்சிடப் போவுது!"

பேனர் பத்திரமாக ஜீப்பில் ஏறியது. நான் திரும்பி ஓடுவதற்குள் மழை கொட்டி, வாமடை வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. நேராகக் கீழே, அஞ்சலை அக்காவின் நாற்றங்காலுக்கு. குத்தகை நிலம். முளைகட்டிய விதையை முந்தாநாள்தான் தெளித்திருந்தார். அந்தப் போகத்துக்கு அவரிடம் இருந்த விதை அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் டெமோ வயலில் களை மதமதவென்று நின்றது. அக்காவின் நாற்றங்காலில் முளையெல்லாம் கருகிக் கிடந்தது. மேனேஜரை விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போய் அக்கா முன்னால் நிறுத்தினேன். அவர் கையை விரித்தார்.

"மழை நம்ம கையிலயாம்மா இருக்கு?"

"மழை ஒன் கையில இல்ல, சரி. வாமடை யாரு கையில இருந்துச்சி? இந்தப் போகம் நான் என்னாத்த நடுவேன், ஒன் பேனரையா?"

மறுநாள் மேனேஜர் அனுப்பிய விதைநெல் மூட்டை வந்தது. அக்கா வேறொரு மேட்டில் சேறடித்து, தெளிக்கிற அன்றைக்கு அவரையும் வரவழைத்தார். ஷூவைக் கழற்றக் குனிந்தவரைத் தடுத்தார்.

"அப்பிடியே எறங்கு சார்."

இறங்கினார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, முதலில் வானத்தைப் பாருங்கள், அப்புறம் வாமடையை. மேனேஜரின் ஷூவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அதில் ஒட்டுகிற சேறு கழுவினால் போய்விடும்.