சலக்கடுப்பு என்று சொன்னேன்

வலி முதலில் வந்தது பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில். நோர்வேத் தலைநகரின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றுகொண்டிருந்தேன். விதைப்பைக்கும் மலவாசலுக்கும் நடுவே யாரோ ஒரு எலுமிச்சங்காயை வைத்து, அதன்மேல் என்னை இருத்தியதுபோல் இருந்தது. எழும்பினால் குறைந்தது. இருந்தால் திரும்ப வந்தது. பேருந்து ஓட்டுகிறவனுக்கு எழும்பி நிற்கிற வசதி கிடையாது.

அந்த இடத்தைப் பெயர் சொல்லி எழுதுவது பிடிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். இதே வலியோடு இருக்கிற ஆண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மரியாதையான சொல் தேடி ஒரு வருடத்துக்குக் கிட்ட வீணாக்கியவன் நான். நீங்களும் வீணாக்க வேண்டாம்.

இரண்டாயிரத்து ஐந்தில் தொடங்கியது இது. என் நோர்வேஜிய மொழி பயணச்சீட்டுக்கும் பனிக்கும் போதும். தொப்புளுக்குக் கீழே போதாது. அதனால் குடும்ப மருத்துவர் தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தார். அந்தப் பெண் "வணக்கம்" என்றதுமே குரல் தெரிந்துவிட்டது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என் மகளுக்குப் பாடம் எடுக்கிற டீச்சர்.

டீச்சரிடம் போய் என் விதைப்பையைப் பற்றிக் கதைப்பதா? "சலக்கடுப்பு" என்றேன். சலம் கழிக்கும்போது எரியும், கடுக்கும். எங்கள் ஆட்கள் நாலு பேருக்கு முன்னால் கூசாமல் சொல்லக்கூடிய வருத்தம் அது. பொய்யும் இல்லை, எரிவு கொஞ்சம் இருந்ததுதான். டீச்சர் அதைச் சரியாகவே மொழிபெயர்த்தார். மருத்துவர் சிறுநீர்த் தொற்று என்று முடிவெடுத்து நுண்ணுயிர்க்கொல்லி (கிருமியைக் கொல்லும் மருந்து) தந்தார்.

சிறுநீரைச் சோதித்தார்கள். கிருமி இல்லை. இருந்தும் இன்னொரு வகை மாத்திரை. பிறகு மற்றொன்று. வயிறு கெட்டதுதான் மிச்சம். இல்லாத கிருமியை எத்தனை தரம் கொல்லுவீர்கள் என்று அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

வருத்தத்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால், அந்தப் பெயருக்கு எல்லோரிடமும் வைத்தியம் இருக்கும். தமிழ்க்கடை நடத்தும் என் நண்பன் யோகன் நான் சொல்லி முடிக்கவே விடவில்லை.

"மச்சான், உது சூடு. பஸ் எஞ்சினுக்கு மேல வருசக்கணக்கா இருந்தால் முட்டை அவியாதே?"

எஞ்சின் பின்னுக்கு இருக்கிறது என்று சொன்னேன். அவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஒரு பை நிறைய உலர்ந்த நெருஞ்சிமுள்ளைத் தூக்கித் தந்து, அவித்துக் குடி என்றான். வீட்டில் மனைவி வசந்தி பார்லித் தண்ணீர் காய்ச்சினாள். ஊறவைத்த வெந்தயம், மோர். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் உள்ளே இருந்து உடம்பைக் குளிர்த்திக்கொண்டிருந்தேன்.

சலம் பெருக்கும் கசாயத்தை ஓட்டுநர் குடித்தால் என்ன நடக்கும் என்று யோகனும் யோசிக்கவில்லை, வசந்தியும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வழியில் கழிவறை இல்லை. கடைசித் தரிப்பு வரைக்கும் பல்லைக் கடித்து அடக்குவேன். அடக்க அடக்க அந்த எலுமிச்சங்காய் பெருத்தது. ஒருநாள் முடியாமல், ஆட்களோடு பேருந்தை நிறுத்திவிட்டு, தரிப்பிடத்துக்குப் பின்னால் பனிக்குள் ஓடினேன். ஒரு பயணி முறைப்பாடு செய்தார். மேலாளர் கூப்பிட்டு, மருத்துவரிடம் போய் நோய் விடுப்பு எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

நோய் விடுப்புக்கான சம்பளம் இந்த நாட்டில் ஒரு வருடம்தான். அதற்குள் இருக்கையில் இருக்க முடியாவிட்டால் பேருந்து இல்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது. நாற்பத்தைந்து வயதில், இருக்க முடியாதவன் என்ற காரணத்துக்காக வீட்டில் நிற்க வேண்டிவரும். இரவும் பகலும் என் தலைக்குள் இருந்தது அது ஒன்றுதான்.

நகருக்கு வெளியே ஸ்ட்ரோம்மனில் இயற்கை மருந்துக் கடை ஒன்றில் அடுத்த ஏமாற்றம். புரஸ்டேட்டுக்கு (சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பி) நல்லது என்று கடைக்காரி ஒரு போத்தலை எடுத்துத் தந்தாள். ஒரு பனையின் பழத்திலிருந்து எடுத்ததாம். பனை என்றால் யாழ்ப்பாணத்தானுக்கு நம்பிக்கை வந்துவிடும். வாங்கிவிட்டேன். அது எங்கள் பனை இல்லை, அமெரிக்காவில் புதராக வளரும் ஒரு குட்டைப் பனை. வயதானவர்களின் புரஸ்டேட் வீக்கத்துக்கென்று விற்பது. மாதக்கணக்கில் விழுங்கினேன். ஒரு மாற்றமும் இல்லை.

கடைசியில் சிறுநீரியல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். மலவாசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கத்தாமல் இருந்தேன். நாள்பட்ட புரஸ்டேட் அழற்சி (சுரப்பி புண்பட்டதுபோல் நோவது) என்றார். என்னைப்போல் பலருக்குக் கிருமியே அகப்படாதாம், அதனால் இடுப்புக்குழி வலி என்றும் சொல்வார்களாம். இதோடு வாழப் பழக வேண்டும் என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அந்த வசனத்தை உங்களுக்கும் சொல்வார்கள். கேட்டுவிட்டு எழும்பி வராதீர்கள். நான் கதிரையை விட்டு அசையவில்லை. வேறு என்ன இருக்கிறது என்று உடைந்த மொழியில் திரும்பத் திரும்பக் கேட்டேன். அலுத்துப்போய், புல் மகரந்தத்தின் சாற்றில் செய்த மாத்திரை ஒன்று இருக்கிறது, சிலருக்கு வலி ஓரளவு குறைகிறது, எல்லோருக்கும் இல்லை, மூன்று மாதம் பார், பிரயோசனம் இல்லையென்றால் நிறுத்து என்றார். ஒவ்வாமை உண்டா என்றும் கேட்டார். அது ஒன்றுதான் அன்று ஒழுங்கான கேள்வி. வசந்த காலத்தில் பேர்ச் மரம் பூத்தால் தும்முவேன், புல்லுக்கு ஒன்றும் இல்லை. அதைச் சோதித்துப் பார்த்த பிறகே மாத்திரை தந்தார்.

வசந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "மகரந்தம் பட்டால் தும்முற மனுசன் மகரந்தத்தைத் தின்னப் போறாராம்." வீட்டில் நெடுநாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அந்த மாதங்களில் அவளை நான் தொடுவதே இல்லை. தொட்டால் பிறகு இரண்டு நாள் நோகும். அதையும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. தன்னை வெறுத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

மாத்திரை கொஞ்சம் கேட்டது. எரிவு தணிந்தது. எலுமிச்சங்காய் அப்படியே இருந்தது. விடுப்பு முடிய வந்துகொண்டிருந்தது.

அடுத்த முறை சிறுநீரியல் மருத்துவரிடம் போகமுன், எனக்குத் தெரியாத ஆள் ஒருவரை மொழிபெயர்ப்புக்குக் கேட்டேன். தூரத்துத் துரொண்ட்ஹெய்ம் நகரில் இருந்து ஒருவர் தொலைபேசியில் வந்தார். நான் தயங்குவது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"சொல்லுங்கோ அண்ணை," என்றார். "உங்களை எனக்கு இப்பவும் தெரியாது, பிறகும் தெரியாது."

"சலக்கடுப்பு இல்லை," என்றேன். "இருக்கேக்கைதான் குத்துது. விதைக்கும் குண்டிக்கும் நடுவில. மனிசியோட படுத்தால் இரண்டு நாளைக்கு நோகுது. பஸ்ஸில சலத்தை அடக்கி அடக்கி வைச்சிருப்பன்."

அவர் ஒரு சொல் விடாமல் சொன்னார். மருத்துவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் கேட்டீர்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். அதையும் அந்த மனிதர் அப்படியே மொழிபெயர்த்தார்.

சுரப்பி மட்டும் இல்லை, இடுப்புக்குழியின் அடித்தசைகளும் (சலத்தையும் மலத்தையும் தாங்கிப் பிடிக்கும் தசைகள்) இறுகிக் கிடக்கக்கூடும் என்றார். தசைப்பயிற்சி தருகிற ஒரு பெண்ணிடம் அனுப்பினார். அவள் இறுக்கச் சொல்லவில்லை. விடச் சொன்னாள். மூச்சை வயிற்றுக்கு இறக்கி, கீழே விடு என்பாள். விடுவது என்றால் என்னவென்று என் உடம்புக்குத் தெரியவில்லை. கிழமைக்கணக்கில் பாயில் கிடந்து, ஒன்றும் நடக்காமல், ஆத்திரத்தோடு வீட்டுக்குப் போனேன். பிறகு ஒருநாள் கொஞ்சம் விட்டது.

சுகமாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அரை நேர வேலைக்குத் திரும்பியிருக்கிறேன். மகரந்த மாத்திரையை இன்னும் போடுகிறேன். அது வேலை செய்கிறதா, பயிற்சியா, எனக்குத் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூலிகையோ மாத்திரையோ எதை எடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். நிச்சயமாக மாறும் என்று விற்கிறவனிடம் வாங்காதீர்கள். நெருஞ்சிமுள் மேல் எனக்குக் கோபம் இல்லை. யோகன் மேல் இருக்கிறது.

மணிக்கூட்டை முன்புபோல் பார்ப்பதில்லை. எனக்கு இப்போது நேரம் என்பது ஒரு கடைசித் தரிப்பிலிருந்து மற்றக் கடைசித் தரிப்பு வரைக்கும். அங்கே கழிவறைக்குப் போய்வந்து, முன்கதவடியில் நின்று, மூச்சை இறக்கி, விடுகிறேன். முன்பு அப்படி ஒரு இடம் என் உடம்பில் இருப்பதே தெரியாது. இப்போது கையைவிட அதைத்தான் நன்றாகத் தெரியும்.

போன கிழமை மோர்டென்ஸ்ருட்டில் அப்படி நிற்கும்போது, சுரங்க ரயிலில் இருந்து இறங்கி ஒரு பெண் பைகளோடு ஓடிவந்தார். டீச்சர்.

"எனக்காகவே நிண்டனீங்கள்?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். நல்ல பெயரும் கிடைத்திருக்கும்.

"இல்லை டீச்சர். இருந்தால் கீழ நோகுது. விதைக்குப் பின்னால. அதுதான் நிக்கிறன்."

டீச்சர் பைகளைக் கீழே வைத்தார். "அண்டைக்குச் சலக்கடுப்பெண்டுதானே சொன்னனீங்கள்," என்றார், மெதுவாக.

"ஓம். உங்கட குரல் தெரிஞ்சுபோச்சு."

"எனக்கும்தான்," என்றார். பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கதவை மூடினேன். ஒரு கையை ஊன்றி, மெதுவாக இருக்கையில் இறங்கினேன். அடுத்த கடைசித் தரிப்பு வரைக்கும் இருக்க வேண்டும்.