பத்தாவது கிளையிலிருந்து வந்த பதிவு

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று ஆசையாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில். 3:12-க்கு ஆரம்பித்தது, 4:40-க்கு முடிந்தது.

நானும் மாமாவும் சேர்ந்து சின்னதாக ஒரு வெப்சைட் கம்பெனி நடத்தினோம். மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். ஒரே அறை, எதிரெதிராக இரண்டு மேஜை, கீழே டயர் கடை. எங்கள் பெரிய கஸ்டமர் ஒரு நர்சுகள் சங்கம். ஒன்பது கிளை, கிளைக்கு ஒரு தனி பிளாக். கிளையில் எழுதுவது தலைமைச் சங்கத்தின் பிளாகிலும் தானாக வந்து விழ வேண்டும் என்றார்கள். இதற்கென்று வெளியே கிடைத்த பிளகின், அதாவது சைட்டில் சேர்க்கும் குட்டி புரோகிராம், எதுவும் சரிப்படவில்லை. மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு நாங்களே ஒன்று எழுதினோம். பதிவு வந்தால் என் கம்ப்யூட்டரில் ‘டிங்’ என்று அடிக்கும்.

அன்று மாமா பைக்கில் வெளியே போயிருந்தார். நான் மட்டும்தான்.

டிங்.

தலைப்பு ‘இரங்கல்’. இன்னும் வெளியாகவில்லை. வெளியாக வேண்டிய நேரம் அன்று மாலை 4:40 என்று குறித்திருந்தது. அனுப்பியது, கிளை எண் 10.

எங்களிடம் இருப்பதே ஒன்பது கிளைதான்.

எவனோ விளையாடுகிறான் என்று திறந்தேன். உள்ளே என் அக்காவின் பெயர். வயது நாற்பத்து மூன்று. திடீரெனக் காலமானார். மேலே ஒரு போட்டோ... மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண், சமையலறைத் தொட்டியில் எதையோ கழுவிக்கொண்டிருக்கிறாள். முதுகுதான் தெரிகிறது. ஆனால் அது அக்கா வீட்டுச் சமையலறை.

அக்காவும் அந்தச் சங்கத்து நர்ஸ்தான். அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியது அவள். போன் போட்டேன்.

“என்னடா, லீவு அன்னைக்குக்கூட விடமாட்டியா?”

“அக்கா... என்ன டிரஸ் போட்டிருக்க?”

“லூசாடா நீ? மஞ்சள் சுடிதார். இன்னைக்குத்தான் டெய்லர் குடுத்தான். ஏன்?”

“வீட்ல வேற யாரு?”

“யாரும் இல்ல. பாத்திரம் மலை மாதிரி கிடக்கு. வைடா.”

பதிவை அழித்தேன். 3:20.

3:21. டிங்.

அதே பதிவு. அழித்தேன். டிங். அழித்தேன். டிங். பதினோரு தடவை. பிளகினையே நிறுத்தினேன். டிங். சர்வர்காரனுக்குப் போன் செய்தால், “பத்தாவது கிளைன்னு ஒரு சைட்டே உங்க பேர்ல இல்ல சார்” என்கிறான். ஆத்திரத்தில் இணைய வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

டிங்.

அப்போதுதான் போட்டோவைக் கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. இப்போது பாதி முகம் தெரிந்தது. அக்காவேதான்.

3:50. மாமாவைப் பிடித்தேன்.

“மாமா, அக்கா பேர்ல இரங்கல் வருது. அழிக்க அழிக்க வருது.”

அந்தப் பக்கம் பைக்கை உதைக்கும் சத்தம்.

“பதறாத மாப்ள. நான் வீட்டுக்குப் போறேன்.”

“சீக்கிரம் மாமா!”

“நான் இருக்கேன்ல. வை.”

4:15. மாமா போனை எடுக்கவில்லை. 4:20. எடுக்கவில்லை. 4:27. அக்காவைக் கூப்பிட்டு, மாமா வந்துவிட்டாரா என்று கேட்டேன்.

“அவர் இன்னும் வரலடா. எனக்கு ஒரு மாதிரி தலை சுத்துது... கொஞ்சம் படுக்கிறேன்.”

“படுக்காத! அக்கா, உன் காலைப் பிடிக்கிறேன், படுக்காத!”

நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் வீட்டுக்குப் போக நாற்பது நிமிடம் ஆகும். நேரம் 4:33. அழிக்கத்தான் முடியவில்லை, திருத்தினால் என்ன? ஆனால் அக்கா பெயரை எடுத்துவிட்டு வேறு எதைப் போட? கற்பனையாக ஒரு பெயர் போட்டாலும் அந்தப் பெயரில் எங்கேயாவது யாராவது இருப்பார்களே. அவளும் யாருக்கோ அக்காதானே!

காலியாக விடவும் முடியாது. கிளைக்காரர்கள் பெயர் எழுத மறந்துவிடுவார்கள் என்று பிளகினில் ஒரு விதி வைத்திருந்தோம். பெயர்ப் பெட்டி காலியாக இருந்தால், நாங்கள் கொடுத்து வைத்த எண்ணுக்கு உரியவரின் பெயர் தானாக வந்து உட்கார்ந்துவிடும். எண் ஒன்று, மாமா. எண் இரண்டு, நான். நாங்கள் கொடுத்து வைத்திருந்தது இரண்டு.

தெரிந்தேதான் செய்தேன். வீரமெல்லாம் இல்லை. அவள் சாகக் கூடாது, அவ்வளவுதான்.

அக்கா பெயரை அழித்தேன். 4:36. வயர் தரையில் கிடக்கிறது... ‘சேமிக்கப்பட்டது’ என்று பதில் வருகிறது.

உடனே போன். அக்கா.

“தலைசுத்தல் நின்னுடுச்சுடா. நீ ஏன் அழற?”

போனை வைத்தேன்.

4:37.

திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

4:38.

எதிர் மேஜையில் மாமாவின் நாற்காலி... கிரீச்.

காற்று இல்லை. ஜன்னல் மூடியிருந்தது.

4:39.

கண்ணை மூடிக்கொண்டேன்.

டிங்.

நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். துடிக்கிறது.

உயிரோடு இருக்கிறேன்!

கண்ணைத் திறந்தேன். பதிவு வெளியாகியிருந்தது.

போட்டோ இல்லை.

என் பெயரும் இல்லை.

மாமாவின் பெயர்.

4:52-க்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மாரடைப்பு. சிக்னலில் நின்றவர் வண்டியோடு அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

நான் பெயரை அழித்ததால்தான் அவர் போனார் என்று இரண்டு வாரம் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தேன். அக்கா முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அப்புறம், எண் இரண்டு எப்படி ஒன்றானது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று பிளகின் எழுதி வைக்கும் குறிப்பைத் திறந்தேன். அதில் அன்றைய தேதிக்கு ஒரே ஒரு வரி இருந்தது. 4:38-க்கு எண் இரண்டு, ஒன்று என்று மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியது மாமாவின் பாஸ்வேர்டு. மாற்றிய இடம், எதிர் மேஜையில் இருந்த மாமாவின் கம்ப்யூட்டர்.

சிக்னல் கேமராவில் பதிவானதை போலீஸ்காரர் எனக்குக் காட்டினார். மாமா சாய்ந்தது 4:05-க்கு. ஓடி வந்த ஆம்புலன்ஸ்காரர் பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்று எழுதிக் கொடுத்தது 4:14-க்கு.

அதற்கு இருபத்து நான்கு நிமிடம் கழித்துத்தான் என் மாமா ஆபீசுக்கு வந்து, என் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டிருக்கிறார்.