நாற்பது நிமிட ஸ்கேன்

போடி அடிவாரத்தில் இருந்த லேசர் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். அங்கே நான் சரிசெய்த கோளாறுகளைப் பற்றி எவ்வளவோ எழுதலாம். இது நானே செய்த கோளாறு.

செல்வி எங்கள் ஆராய்ச்சி மாணவி. குரங்கணிக்காரி, அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர். செல்வியின் சாம்பிள் சலோல் என்கிற ஒரு ரசாயனம். நாற்பத்திரண்டு டிகிரியில் உறைய வேண்டிய பொருள். தூசி இல்லாமல் வடிகட்டி மெல்லக் குளிர வைத்தால், அதற்குக் கீழேயும் திரவமாகவே நிற்கும். அந்த நிலையில் அதன் மூலக்கூறுகள் எப்படித் திரும்புகின்றன என்று ஃபெம்டோசெகண்ட் லேசரால் பார்ப்பதுதான் வேலை. ஒரு பல்ஸ், அதாவது கண்ணிமைப்பைவிடப் பல கோடி மடங்கு குறுகிய ஒளித்துடிப்பு, அவற்றைத் தட்டிவிடும். பின்னால் வரும் பல்ஸ் அவை திரும்புவதைப் பார்க்கும். இப்படி முழுதாக அளந்து முடிப்பதுதான் ஒரு ஸ்கேன். பதினைந்து பேர் ஏறிய தோட்டத்து ஜீப்பில் முழங்கையைத் திருப்புகிற பாடுதான் அந்த மூலக்கூறுகளுக்கும்.

கதவு அடித்த அதிர்விலேயே சாம்பிள் உறைந்ததுண்டு. அதனால் ஸ்கேன் ஓடும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது, போன்கள் வெளியே என் மேசையில் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவனே நான்தான்.

அன்று மதியம் செல்வியின் போன் அடித்தது. அவள் தம்பி.

"அண்ணே, அக்காவ வெரசா வரச் சொல்லுங்க. ஆத்தாவுக்கு மூச்சு வாங்குது, போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். அக்கா எங்கன்னே கேக்குது."

"ஸ்கேன் ஓடுதுப்பா. இன்னும் நாப்பது நிமிசம். முடிஞ்சதும் அனுப்புறேன்."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டான்.

ஆறு முறை உறைந்து, ஏழாவது முறைதான் அந்தச் சாம்பிள் உறையாமல் நின்றிருந்தது. அவள் பட்ட பாட்டைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள், சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஸ்கேன் முடிந்து செல்வி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "அண்ணே, முழுசாக் கெடைச்சிருச்சு!"

விஷயத்தைச் சொன்னேன். ஆட்டோவில் பத்து நிமிடம். நானும் கூடப் போனேன். அவள் அம்மாவின் உயிர் பிரிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்தவளிடம், "மன்னிச்சிரு தாயி. சாம்பிள் உறைஞ்சிருமேன்னுதான்..." என்றேன். அழுதுவிட்டேன்.

"உறைஞ்சா மறுபடி உருக்கிக்கலாம்லண்ணே" என்றாள்.

உருக்குவதற்கு ஹீட்டர் போடுவதும் என் வேலைதான். முந்தைய ஆறு முறையும் நான்தான் உருக்கிக் கொடுத்தேன். இப்போது ஆய்வுக்கூடங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, வீட்டிலிருந்து போன் வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள்.