டெஃப்லான் டேப் சுற்றிய காயில்

சவூதியில், யான்பு கேம்ப்பில் என்னோடு ஒரே ரூமில் இருந்த பைப் ஃபிட்டர், சிகரெட்டை விடுவதற்காக ஒரு வேப், அதாவது பேட்டரி சிகரெட், வாங்கினான். நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். அதனால் அது மக்கர் செய்ததும் நேராக என் கட்டிலுக்கு வந்துவிட்டது.

"அண்ணே, காயில் புதுசு. மாட்டினா, காயிலே இல்லைன்னு காட்டுது."

லிக்விடைச் சூடாக்கிப் புகையாக்கும் அந்தக் காயிலின் மேல் 0.8 ஓம் என்று அச்சிட்டிருந்தது. திரையிலும் ஏறக்குறைய அந்த எண்தான் வர வேண்டும். கொஞ்சம் கூடினால் மரையில் அழுக்கு, மிகவும் குறைந்தால் ஷார்ட். எண்ணே வராவிட்டால் கரண்ட் போகும் வழி எங்கோ அறுந்திருக்கிறது.

கழற்றினேன். மரை முழுக்க வெள்ளையாக டெஃப்லான் டேப். எரிச்சல்தான் வந்தது. ஆனால் சுற்றியிருந்த விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

"இது எதுக்குடா?"

"லிக்விட் ஒழுகுச்சுண்ணே."

பைப்புக்கு அது சரி, இங்கே அந்த மரை வழியாகத்தான் கரண்ட் திரும்பி வர வேண்டும், டேப் அதை மறித்துவிட்டது என்றேன். டேப்பை உரித்துவிட்டு மாட்டினேன். திரையில் 0.8 வந்தது. கூடவே அவன் உள்ளங்கையில் ஒரு சொட்டும் விழுந்தது.

"அப்ப ஒழுகத்தான் செய்யுமா?"

"லேசா ஒழுகும். தொடைச்சுக்க."

அவன் வேப்பைப் பெட்டிக்கடியில் தள்ளினான். மறுநாள் டியூட்டி முடிந்து வந்தபோது வாசலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். நான் பார்ப்பதைக் கண்டதும் அதைத் தூக்கிக் காட்டினான்.

"இதுல லீக் இல்லண்ணே."